ஹட்டனில் வேலை, கொழும்பில் வார இறுதி எம்பிஏ: படிப்புக் காலம் எப்படி இருக்கும்?

மலையோரம்:
வணக்கம். ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் கொழும்பில் நடக்கும் எம்பிஏ ஒன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். கட்டணமும் பாடத்திட்டமும் இணையத்தில் கிடைக்கின்றன. படிக்கிற காலத்தில் வீடும் வேலையும் என்ன பாடுபடும் என்பதைத்தான் எங்கும் காணவில்லை. உயர்தரம் வரை தமிழில் படித்தவள் நான். இங்கிருந்து போய்ப் படித்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

கொட்டகலை வாசகர்:
பயணத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் எச்சரிப்பார்கள். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கும் பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம் உட்காருவது சிரமம்தான். ஆனால் வெள்ளி இரவே இறங்கி உறவினர் வீட்டிலோ போர்டிங்கிலோ தங்கிக்கொண்டால் உடம்பு பழகிவிடும். பழகாதவை வார நாள் இரவுகள். குழு ஒப்படைகளுக்காகக் கொழும்பில் இருப்பவர்கள் வேலை முடிந்து நேரில் கூடுவார்கள், நாம் கைத்தொலைபேசியில் சேர்ந்துகொள்வோம். அடைமழைக் காலத்தில் மின்சாரம் போனால் அந்த இரவு போனதுதான். ஆகவே குழு அமையும் முதல் வாரத்திலேயே கணக்குப் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை அது, ஐந்தொகை வாசித்துப் பழகிய உங்களுக்குக் கைவந்ததும்கூட. வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஊவாப் பக்கம்:
ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். விரிவுரைக்கு முன்பே பாடத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போனால், வகுப்பில் காதில் விழுவது இரண்டாவது தடவையாகிவிடும்.

எனக்கு இந்தப் படிப்பு பயன்பட்டது வேறு விதத்தில். பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி, போடும் செலவைக் கழித்துப் பார்க்கும் தேறிய இற்றைப் பெறுமதி என்ற கணக்கை வகுப்பில் ஏதோ ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையை வைத்துச் சொல்லித் தந்தார்கள். நான் அதைத் தேயிலை மீள்நடுகைக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய செடியைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றப் புல் வளர்த்து, பிறகு கன்று நட்டுக் கொழுந்து எடுக்கும் வரை ஏறக்குறைய ஐந்து வருடம் அந்த மலையில் வருமானம் இல்லை. வட்டி வீதம் உயர்ந்திருக்கும்போது, அத்தனை வருடம் கழித்து வரும் ரூபாய் இன்றைய கணக்கில் எவ்வளவோ சுருங்கிவிடுகிறது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள், குத்தகை 2045இல் முடியவிருக்கும் நிலையில், ஏன் மீள்நடுகைக்குத் தயங்குகின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. கிழட்டுத் தேயிலையில் கிலோ குறைந்து அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, வீடு திரும்பும் தொழிலாளியின் இழப்பு அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை, அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு விடயத்தைச் சேரும் முன்பே பாருங்கள். படிப்புகளை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 9ஆம் மட்ட முதுமாணி (எம்பிஏ போன்ற பட்டம்) 30 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் காட்டும் அலகு. 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் ஆய்வும் உண்டு. காலமும் செலவும் கூடினாலும், மலையகத்தைப் பற்றி எழுத விரும்பினால் இரண்டாவதையே நான் சொல்வேன்.

மலையோரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. நான் பார்த்து வைத்திருந்தது 9ஆம் மட்டம். தோட்டக் குடும்பங்கள் எங்கள் கிளையில் நகை அடகு வைத்துக் கடன் எடுக்கும் முறையைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. ஆய்வு உள்ள பாடநெறிக்கே விண்ணப்பிக்கப் போகிறேன்.