பதில்: ரீஆக்டிவேஷனுக்கு 'மறுதொற்று' வேண்டாம்

அன்பர்களே,

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் நாள்பட்டு உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று சொற்கள் இடிக்கின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டு தீர்ந்தன. அக்யூட் என்றால் புதிதாக வந்து சீக்கிரம் முடிவது, அதில் கடுமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் 'கடும்' போய் 'குறுங்கால' வந்துவிட்டது. சூப்பர்இன்ஃபெக்‌ஷனுக்கு 'மேல்தொற்று', இருக்கும் தொற்றின் மேல் இன்னொன்று வருவது. இலக்கணப்படி மேற்றொற்று என்று புணர்த்தச் சொன்ன ஐயா மன்னிக்கவும், நோயாளி அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டோக்கன் நம்பர் தாண்டிப் போய்விடும்.

மூன்றாவது சொல் ரீஆக்டிவேஷன், உடலுக்குள் அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி வேலையைத் தொடங்குவது. இதற்கு 'மறுதொற்று' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். போதாது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

என் மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி பதினைந்து வருடப் பழக்கம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு நார்மல், மாத்திரை கிடையாது, வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். 2021 இரண்டாம் அலையில் கொரோனா வந்து, ஆக்சிஜன் குறைந்து, ஸ்டீராய்டு போட்டார்கள். பிழைத்து வந்தார். இரண்டு மாதம் கழித்துக் கண் மஞ்சள், எஸ்ஜிபிடி எண்ணூறைத் தாண்டியது. சேர்த்த மருத்துவமனையில் கொடுத்த தமிழ் விளக்கத் தாளில் 'ஹெபடைடிஸ் பி மறுதொற்று' என்று அச்சடித்திருந்தது. அதற்கு இரண்டு வரி கீழேயே இந்த நோய் ரத்தம் மூலமும் உடலுறவு மூலமும் பரவும் என்று வேறு போட்டிருந்தார்கள். அத்தை அந்தத் தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு, வீடு வந்து சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஊரடங்குல வாசல் தாண்டாத மனுசன், இதை எங்கேருந்து வாங்கிட்டு வந்தீங்க?" மாமா வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். அந்தக் கேள்வி தேற இன்னும் கொஞ்ச நாளானது.

மாமா அதை எங்கிருந்தும் வாங்கி வரவில்லை, அது அவரை விட்டுப் போகவே இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை மூடிய வளையமாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை மிதித்தபடி இருக்கும். கொரோனாவுக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் டோசிலிசுமாப் போன்றவை அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிவிடுகின்றன, அதுதான் நடப்பது. எல்லோருக்கும் நடக்காது, குறைந்த நாள் ஸ்டீராய்டில் அபாயமும் குறைவு, ஆனாலும் போடும் முன்பே பழைய பி உண்டா என்று பார்த்து, தேவையானவருக்கு என்டெகாவிரோ டெனோஃபோவிரோ கூடவே தொடங்குவார்கள். இதைச் சொல்லத்தான் சொல் தேடுகிறோம்.

இந்த இடத்தில் கீழாநெல்லி ஞாபகம் வராத சென்னைக்காரர் இருக்க முடியாது. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் சென்னையின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்த புளூம்பர்க்கும் அதில் ஒருவர், முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தத்திலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது என்று எழுதினார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அது தனி வழக்கு. நமக்கு வேண்டியது என்னவென்றால், ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் மறைந்தவருக்கும் உட்கருவுக்குள் அந்த டிஎன்ஏ வளையம் தங்கியிருக்கலாம், அவருக்கும் இது நடக்கலாம்.

'மறுசெயலாக்கம்' வேண்டாம், சிம் கார்டு வாசனை அடிக்கிறது. 'மீளுயிர்ப்பு' என்றால் நடுவில் செத்துப்போனது என்று அர்த்தமாகிவிடும், அது சாகவில்லை. 'நீறுபூத்த நெருப்பு' பொருத்தம்தான், ஆனால் அதை வைத்துத் தடுப்பு மருந்துக்கு ஒரு தொடர் கட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

நான் யோசித்தது உட்கிளர்வு. உள்ளே இருந்தது கிளர்வது. உட்கிளர்ந்த வைரஸ், உட்கிளர்வுத் தடுப்பு, உட்கிளர்வு அபாயம் என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. அக்கிக்கும் பொருந்தும்: சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் நரம்பில் தங்கி வயதான பிறகு வெளியே வருவதுதானே அது. காவியால் அக்கி எழுதிவிட்டு வரும் பாட்டி யாரும் யாரிடமிருந்து தொற்றியது என்று கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் குறை இருந்தால் சொல்லி அடியுங்கள்.

பெரம்பூரிலிருந்து

---

ஐயா,

இரண்டு சந்தேகம். கிளர்வு என்றதும் வாசிப்பவருக்குக் கிளர்ச்சி ஞாபகம் வராதா? ஒன்று போராட்டம், இன்னொன்று நீங்களே புரிந்துகொள்வீர்கள், அத்தை கையில் அந்தத் தாளைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அப்புறம், மூலச்சொல்லில் 'ரீ' இருக்கிறது. 'மீள்' எங்கே போயிற்று? மீளுட்கிளர்வு என்று போட்டால் வாய் கோணும், ஒப்புக்கொள்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து

---

தம்பி,

கிளர்வு நான் உண்டாக்கியதில்லை. பிளஸ் டூ வேதியியலில் ஆக்டிவேஷன் எனர்ஜிக்குக் கிளர்வு ஆற்றல் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள், யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

'மீள்' விஷயத்தில் தெரிந்தேதான் விட்டேன். 'மறு'வோ 'மீள்'வோ முன்னால் வந்தாலே படிப்பவர் மனம் 'மறுபடியும் வந்துவிட்டது' என்று போகிறது, 'வந்தது' என்றால் அடுத்த கேள்வி 'எங்கிருந்து'. 'உள்' அந்தக் கேள்விக்குப் பதிலை முன்னாடியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு அசைக்கும் நாம் கணக்கு ஒப்படைக்க வேண்டியதில்லை.

நேற்று மாலை அத்தைக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன், "மாமாவுக்கு வந்தது உட்கிளர்வு" என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ உள்ளயே இருந்துச்சா?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன், உட்கிளர்வுத் தடுப்பில் 'த்' வர வேண்டும், அதை மட்டும் மெய்ப்பில் ஒருமுறை பார்த்துக் கொடு.

பெரம்பூரிலிருந்து