நண்பன் நினைவாக எதிர்சேவை அன்று நீர்மோர்ப் பந்தல்: 1000 பேருக்கு அளவு சொல்லுங்கள்

புதூர்_பாண்டி:
எங்கள் செட்டில் ஒருத்தன் போன ஆடியில் தவறிவிட்டான். 31 வயது. டீக்கடையில் நாம் சட்டைப்பையில் கை விடுவதற்குள் காசு கொடுத்துவிட்டு நிற்பான். யார் யாருக்கு என்ன செய்திருக்கிறான் என்பதே காரியத்தன்று வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. இந்தச் சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகரைச் சனம் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு, மூன்றுமாவடிக்கும் தல்லாகுளத்துக்கும் நடுவில் அவன் பேரில் நீர்மோர் ஊற்றப்போகிறோம். எவ்வளவு தயிர் வேண்டும்? வெயிலில் புளிக்காமல் எப்படி வைப்பது? ஃபிளெக்ஸில் அவன் படம் போடலாமா?

மோர்_அண்டா:
தம்பி, ஆளுக்கு 200 மில்லி என்றால் 200 லிட்டர். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், ஆக 40 லிட்டர் தயிர், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் எட்டு. உப்பு 1 கிலோ, இஞ்சி 1 கிலோ, பெருங்காயத்தூள் 50 கிராம், கறிவேப்பிலை, மல்லித்தழை. பச்சை மிளகாய் அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம், பிள்ளைகளும் குடிக்கும். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் ஊற்றுங்கள். திப்பி போனால் டிரம் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மொத்தத்தையும் ஒரே தடவை கலக்காதீர்கள், பந்தல் கெட்டுப்போவது இதில்தான். 5 லிட்டர் தயிருக்கு ஒரு கேன் தண்ணீர், 25 லிட்டர், அது தீரப்போகும்போது அடுத்தது. உப்பை 125 கிராம் பொட்டலமாக முதல்நாளே எட்டுக் கட்டி வையுங்கள், கூட்ட நேரத்தில் கைக்கணக்கு தப்பிவிடும். தயிரைத் தண்ணீர் விடாமல் முதலில் நன்றாகக் கடையுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கடைந்தால் கட்டிகள் மிதக்கும்.

பாலை விரல் பொறுக்கும் சூட்டில் முதல்நாள் இரவு 10 மணிக்கு, ஐந்து லிட்டர் பாத்திரங்களில் பிரித்து உறை ஊற்றுங்கள். சித்திரைச் சூட்டுக்கு விடிகாலை 4 மணிக்குத் தோய்ந்துவிடும். ஒரே அண்டாவில் ஊற்றினால் நடுவில் சூடு தங்கிப் புளித்துவிடும். தோய்ந்ததும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பாள ஐஸை மோருக்குள் போடவே கூடாது, மீன் பெட்டிக்கும் அதுதான் போகிறது. பாத்திரத்தைச் சுற்றி அடுக்குங்கள். ஈயம் போன பித்தளையும் அலுமினியமும் வேண்டாம், எவர்சில்வர்தான்.

தல்லாகுளம்_செல்வி:
மோர் சரி. பந்தலைப் பற்றி: உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள், திருவிழாவில் வந்து கேட்பார்கள். பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி முதலே தடை. 60 எவர்சில்வர் டம்ளர், கழுவ மூன்று வாளி, அரை மணிக்கொரு தடவை வாளித் தண்ணீரை மாற்ற ஒரு ஆள். கழுவவே இன்னும் பத்துக் கேன் அளவு தண்ணீர் வேண்டும், இதை எல்லோரும் மறப்பார்கள். தடுப்பு வைத்த பிறகு வண்டி உள்ளே வராது, எல்லாம் முதல்நாள் இரவே இறங்கியிருக்க வேண்டும். சாமி மூன்றுமாவடிக்குக் காலையிலேயே வந்துவிடும். ஆனால் தாகம் 11 மணிக்கு மேல்தான், எட்டில் ஐந்து தவணையை அதற்கு வையுங்கள். கீற்றுப் பந்தல் என்றால் இரண்டு வாளி மணல் அவசியம். சாமிக்குக் காட்டும் சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் எரிய எரியத்தான் சனம் பக்கத்தில் நிற்கும்.

வைகைக்கரை:
படத்தை அவன் அம்மாவிடம் கேட்காமல் போடாதீர்கள் அண்ணே. பெற்றவளுக்கு அது நடுரோட்டில் மாலை போட்ட படம். திருவிழா முடிந்தால் அந்த ஃபிளெக்ஸ் எங்கே கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரும்பலகையில் பேர் மட்டும் எழுதினால் போதும் என்பேன். அம்மா வருவதாக இருந்தால் கூட்டம் கூடுமுன் காலை 6 மணிக்கு அழைத்து வந்து, நிழலில் நாற்காலி போட்டு, முதல் டம்ளரை அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 200 லிட்டர் 1000 பேருக்கு வராது. நடந்து வருகிறவர் இரண்டாவது டம்ளர் கேட்பார். 'ஒருத்தருக்கு ஒண்ணுதான்' என்று உங்கள் ஆள் யாரும் சொல்லிவிடக் கூடாது, அதுவும் அவன் பேர் எழுதிய பலகைக்குக் கீழே நின்று. தூய்மைப் பணியாளர், போலீஸ்காரர், வரிசைக்கு வர முடியாத வயசாளிகளுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

புதூர்_பாண்டி:
அம்மாவிடம் கேட்டோம். படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் வேலைக்கு எடுத்துப்போகும் செம்பை விளக்கிக் கொடுத்தார், மொண்டு ஊற்ற அதுதான். மூடி விளிம்பு நசுங்கியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தயிரை 50 லிட்டர் ஆக்கியாச்சு. கேன் பத்து, உப்புப் பொட்டலமும் பத்து. கழுவும் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு போர்வெல்லில் இருந்து ஹோஸ் இழுக்கிறோம்.