புதுப்பிப்பு: பல்லி விழுந்து கருகிய இன்வெர்ட்டர் போர்டு சரியாகிவிட்டது

காட்பாடி வீட்டு இன்வெர்ட்டருக்குள் பல்லி விழுந்து, 230 வோல்ட் ரிலே (கரண்டை மாற்றிவிடும் சுவிட்ச்) பக்கம் டிராக் (போர்டில் கரண்ட் ஓடும் செம்புக் கோடு) எரிந்துவிட்டது, அதற்குப் பதில் ஜம்பர் ஒயர் (இணைப்புக் கம்பி) போட்டும் சற்று நேரத்தில் ஃபியூஸ் போகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"கருகின இடத்தை முழுசா சுரண்டி எடுங்க தம்பி, கரி கரண்ட் கடத்தும்" என்று ஆம்பூர் அண்ணன் சொன்னதுதான் பலித்தது. துடைத்துச் சுத்தமாகத் தெரிந்த போர்டிலேயே, இரண்டு டிராக்குக்கு நடுவே மீட்டர் 40 கிலோ ஓம் காட்டியது, அதாவது கரண்ட் கசிய வழி இருந்தது. கரண்ட் ஏறினால் அந்தக் கரி சூடாகி, இன்னும் கருகி, கடைசியில் ஷார்ட் ஆகிறது. போர்டுக்குள் இருக்கும் வெளிர் நிற நார் தெரியும்வரை கத்தியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். இப்போது மீட்டர் ஓப்பன், அதாவது நடுவே இணைப்பு இல்லை. பள்ளத்தில் எபாக்ஸி பசை நிரப்பி ஒரு நாள் காயவிட்டு, டிராக்குக்குப் பதில் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி வைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: ரிலேயைக் கழற்றும்போது துளைக்குள் மேல்புற, கீழ்ப்புற டிராக்குகளை இணைத்த செம்புப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. இதனால் மேல்புற டிராக்கின் இணைப்பு அறுந்தது தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அதற்குத் தனிக் கம்பி இழுத்ததும் ரிலே வேலை செய்தது.

பேட்டரியைக் கழற்றி, பெரிய கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வையுங்கள். 12 நாளாக நன்றாக ஓடுகிறது.