காற்றாலையின் சுழற்சி, கடலின் அலை: மகளுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி (குளச்சலிலிருந்து ஒரு தந்தை):
வணக்கம். திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும் வழியில் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்த என் மகள், இறக்கையின் அடியும் நுனியும் ஒரே வேகத்தில்தானே சுற்றுகின்றன என்று கேட்டாள். ஆம் என்றேன், மனம் ஒப்பவில்லை. அலை ஓயாமல் கரைக்கு வருகிறதே, பிறகு கடலில் மிதக்கும் வள்ளம் ஏன் அலையோடு வந்து சேர்வதில்லை என்பது அவளுடைய அடுத்த கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி யாராவது சொல்வீர்களா?

பதில் (இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்):
ஐயா, நீங்கள் சொன்னது பாதி சரி. 40 மீட்டர் நீளமுள்ள இறக்கை 4 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 4 மீட்டர் தள்ளியுள்ள புள்ளி அந்த 4 வினாடியில் ஏறத்தாழ 25 மீட்டர் தூரம் போகிறது. நுனியோ அதே நேரத்தில் 251 மீட்டர் தூரத்தைக் கடந்தாக வேண்டும், அதாவது மணிக்குச் சுமார் 226 கிலோமீட்டர் வேகம். சுற்றும் வேகம், அதாவது கோணத் திசைவேகம், இரண்டுக்கும் ஒன்றே; ஓடும் வேகம்தான் பத்து மடங்கு வேறுபடுகிறது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரே கம்பியில் அச்சருகே ஒரு துணித்துண்டும் விளிம்பருகே ஒன்றும் கட்டிச் சுற்றிக் காட்டுங்கள்.

பதில் (முட்டம்):
வள்ளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு கதம்பைத் துண்டை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். முகடு நெருங்கும்போது அது மேலேறும், முகட்டின் மேல் சற்று முன்னே நகரும், பிறகு இறங்கி, அகட்டில், அதாவது இரு முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், பின்னோக்கி வந்து, ஏறத்தாழ புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். கரைக்கு வருவது அலையின் ஆற்றல். தண்ணீர் இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. வள்ளத்தை இழுத்துப் போவது பெரும்பாலும் காற்றும், எங்கள் ஊரில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும்தான்.

பதில் (ஆசிரியை):
அந்த வட்டம்தான் பிள்ளையின் இரு கேள்விகளையும் இணைக்கிறது. காற்றாலையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நுனி மேலும் கீழுமாக மட்டும் போய்வருவதுபோல் தெரியும். அதன் உயரத்தை நொடிக்கு நொடி வரைபடத்தாளில் குறித்தால் கிடைப்பது அலைக்கோடு. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே அலைவுக் காலம், இறக்கையின் நீளமே வீச்சு, அதாவது நடுக்கோட்டிலிருந்து அலைக்கோடு ஏறும் உயரம்.

கேட்டவர்:
மிக்க நன்றி அம்மா. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊருக்குள் புகுந்ததும் இதே அலைதானா?

பதில் (ஆசிரியை):
அடிப்படை ஒன்றே, அளவு வேறு. நீரின் வட்டங்கள் ஆழம் செல்லச் செல்லச் சிறுத்து, அலைநீளத்தில் (அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரத்தில்) பாதி ஆழத்தில் ஏறக்குறைய இல்லாமல் போகும். 150 மீட்டர் அலைநீளம் என்றால் 75 மீட்டருக்குக் கீழே கடல் அமைதியாக இருக்கும். ஆழிப்பேரலையின் அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது, கடலின் ஆழமோ சில கிலோமீட்டர்தான். ஆகவே மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை முழுத் தண்ணீரும் அசைகிறது. ஒரு முகடு கடந்து போகவே பல நிமிடங்கள் ஆவதால், வழக்கமான அலையைப்போல் சில வினாடிகளில் பின்வாங்காமல், அன்று தண்ணீர் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது.