மாகாணப் பாடசாலை தேசிய பாடசாலையானால் சட்டப்படி என்ன மாறும்?

கொட்டியாரக்கரை (கேள்வி)

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மூதூர்ப் பக்கத்திலுள்ள ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பாடசாலையைத் தேசிய பாடசாலையாகத் தரமுயர்த்துமாறு கல்வி அமைச்சைக் கோரும் தீர்மானம் ஒன்று கடந்த மாதக் கூட்டத்தில் முன்மொழியப்பட்டது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர், "நமது பாடசாலை 1சி வகை, தேசிய பாடசாலை ஆனாலும் அது 1சி ஆகத்தானே இருக்கும், இதில் உயர்கின்ற தரம் எது?" என்று கேட்டார். அன்றிலிருந்து கூட்ட அறிக்கையை என்னால் முடிக்க இயலவில்லை.

பெற்றோரின் ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை. தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் மூன்று தவணைகள் கடந்துவிட்டன. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் மட்டுமே ஒரு கோப்பை நிரப்பியிருக்கின்றன. கொழும்பு பொறுப்பெடுத்தால் ஆசிரியர் வருவார் என்பதே பெரும்பாலோரின் நம்பிக்கை.

நான் அறிய விரும்புவது இதுதான். இவ்வாறான மாற்றம் எந்தச் சட்டத்தின் கீழ் நிகழ்கிறது? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறாத நிலையில், மாகாணத்தின் சார்பில் இதற்கு இணங்கவோ மறுக்கவோ அதிகாரம் உடையவர் யார்? இப்போதுள்ள ஆசிரியர்களின் நிலை என்னவாகும்?

ஓய்வுநிலை அதிபர், உப்புவெளி

தம்பி, உங்கள் உயர்தர ஆசிரியர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்பவை ஒரு பாடசாலையில் எந்த வகுப்பு வரை, எந்தத் துறைகள் கற்பிக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் பகுப்புகள். தேசிய, மாகாண என்பது அதனை நிருவகிப்பது மத்திய கல்வி அமைச்சா, மாகாணமா என்பதைக் காட்டும் பகுப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'தரமுயர்த்துதல்' என்ற சொல் இத்தனை கைகளை உயர்த்திவிடுகிறது.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன் முதலாம் நிரலில் கல்வி மாகாண சபைகளுக்குரிய விடயமாக வைக்கப்பட்டது; அதனோடு இணைந்த மூன்றாம் பின்னிணைப்பு, குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள் தவிர்ந்த ஏனைய அரச பாடசாலைகளுக்கான வசதிகளை வழங்கும் பொறுப்பை மாகாணத்திடம் ஒப்படைத்தது. அந்த விலக்குக்குள் முதலில் வருபவை தேசிய பாடசாலைகளே. ஆகவே ஒரு பாடசாலை தேசிய பாடசாலையாகும்போது, மாகாணத்தின் கையிலிருக்கும் ஒன்று அந்த விலக்கின் வழியாக மத்திக்குச் செல்கிறது. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் 373 மட்டுமே தேசிய பாடசாலைகளாக இருந்த காலத்தில், அந்த எண்ணிக்கையை 1,000 ஆக்கும் திட்டத்தை அன்றைய அரசாங்கம் முன்வைத்தது. அப்போது பல ஊர்களில் முதலில் வந்து சேர்ந்தது புதிய பெயர்ப்பலகைதான் என்பதை நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் இரு வகைப் பாடசாலைகளிலும் அதிபராக இருந்தவன். மாகாணப் பாடசாலையில் இருந்த காலத்தில் கூரை ஒழுகினால் மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் (இயந்திரப் படகு) ஏறித் திருமலைக்கு வந்து, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் வாசலில் கிடந்த வாங்கில் காத்திருந்து, உரிய அதிகாரியின் கையொப்பத்துடன் மாலை லோஞ்சுக்குத் திரும்பிவிடுவேன். (2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு வந்தவர்களுக்கு இந்தப் பயணத்தின் அருமை தெரியாது.) தேசிய பாடசாலையில் அதே போன்றதொரு வேலைக்காகப் பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சுக் கட்டடமான இசுருபாயவுக்கு இரவுப் பேருந்தில் சென்றேன், விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றேன், கோப்பு வேறொரு மாடியில் இருப்பதாக அறிந்து மறுவாரம் மீண்டும் சென்றேன். பணம் கூடுதலாகக் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆய்வுகூடத்துக்கு மாகாணத்தில் கனவிலும் காணாத தொகை வந்தது.

இன்னொன்றையும் உங்கள் சங்கம் எண்ணிப் பார்க்க வேண்டும். இடைநிலை வகுப்புகளுக்குப் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்ப்பதென்றால், மாகாணப் பாடசாலையில் வலயத்துடன் பேசி முடித்துவிடலாம். தேசிய பாடசாலையில் அது அமைச்சின் சுற்றுநிருபத்துக்கும் அனுமதிக்கும் உட்பட்ட காரியமாகிவிடும்.

வழக்கேடு (திருமலை)

சட்டத்தரணி என்ற வகையில் சில குறிப்புகளைச் சேர்க்கிறேன்.

பாடசாலைகள் தொடர்பான அடிப்படைச் சட்டம் இன்றும் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமே ஆகும். அதன் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் ஒழுங்குவிதிகளை வெளியிடலாம். கட்டாயக் கல்வி வயதை 5 முதல் 14 வரை என 1997இல் வகுத்ததும், 2016இல் மேல் எல்லையை 16 ஆக உயர்த்தியதும் இவ்வழியில்தான். அதற்கும் கீழே இருப்பவை சுற்றுநிருபங்கள். அவை அதிகாரிகளைக் கட்டுப்படுத்துமே தவிர, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் நிலையை உடையவை அல்ல. பாடசாலையொன்றைத் தேசிய பாடசாலையாக அறிவிப்பது நடைமுறையில் ஒரு நிருவாகத் தீர்மானமே. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசிடம் கொண்டுவந்தபோது, சுவாமி விபுலானந்தர் வளர்த்தெடுத்த இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகள் உட்பட இந்நகரின் பழம்பெரும் பாடசாலைகளின் முகாமை கைமாறியது. அதற்குப் பாராளுமன்றத்தில் வெளிப்படையான விவாதம் நடந்தது. இப்போது ஒரு கடிதம் போதுமானதாக இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தலாக உள்ளது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாகாண நிரலிலுள்ள விடயம் பற்றிப் பாராளுமன்றம் சட்டமூலம் கொண்டுவந்தால், 154எ உறுப்புரையின்படி ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் பெற வேண்டும். 2012இல், வாழ்வாதார அபிவிருத்திக்கெனப் புதிய திணைக்களம் ஒன்றை அமைக்கும் திவிநெகும சட்டமூலத்தின்போது, வட மாகாணத்தில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத நிலையில் ஆளுநர் தெரிவித்த இணக்கத்தைச் சபையின் இணக்கமாகக் கொள்ள முடியாது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு சட்டமூலங்களுக்கு உரியது. நிருவாகத் தீர்மானத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. சபை இல்லாத காலத்தில் நியதிச்சட்டம், அதாவது மாகாணச் சட்டம், இயற்ற எவருமில்லை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. எனவே நடைமுறையில் மாகாணத்தின் சார்பில் கையொப்பமிடுபவர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஒருவராகவே இருப்பார்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. மாகாண நிரலிலுள்ள விடயங்களில் மாகாணத்துக்குள் அதிகாரம் செலுத்துபவர்களுக்கு எதிராக எழுத்தாணை (தீர்மானத்தை இரத்துச் செய்யவோ கடமையைச் செய்யுமாறு பணிக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) வழங்கும் நியாயாதிக்கம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதாவது, அநீதியான தீர்மானமொன்றை எதிர்த்து இங்கேயே, திருகோணமலையிலேயே ஒரு கதவைத் தட்டலாம். அமைச்சு எடுத்த தீர்மானமென்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல நேரிடும்.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை, இலங்கை ஆசிரியர் சேவையின் சம்பளத் திட்டம் இரு தரப்பினருக்கும் ஒன்றே. நியமனமும் இடமாற்றமும் செய்யும் அதிகாரிதான் வேறு. பலகை மாறிய நாளில் மாகாணப் பொதுச் சேவையிலிருந்து ஒருவர் தானாக விலகிவிடுவதில்லை. அதற்கு உரிய அதிகாரியின் எழுத்து வேண்டும்.

கரும்பலகை

தேசிய பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் சற்று மாறுபடுகிறேன். சட்டத்தரணி ஐயா சொன்ன அதிகாரப் பகிர்வு நியாயங்களை மறுக்கவில்லை. ஆயினும் மூன்று தவணை கணிதம் கற்காத பிள்ளைக்கு அதிகாரம் எந்த நகரத்தில் இருக்கிறது என்பது பெரிய விடயமாகத் தோன்றாது. மாகாணம் தன் கையிலுள்ள ஆசிரியர்களை நகரத்தில் மிகையாகவும் மகாவலி கங்கைக்கு அப்பால் பற்றாக்குறையாகவும் வைத்திருக்கும்வரை பெற்றோர் கொழும்பைத்தான் பார்ப்பார்கள், அதில் தவறில்லை.

அதே மூச்சில் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பாடசாலையில் சென்ற ஆண்டு பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. வேறு மாகாணத்திலிருந்து நியமிக்கப்பட்டவர் கடமையேற்றுக் கையொப்பமிட்டார். இரண்டு மாதங்களில் மருத்துவக் காரணம் காட்டி ஊருக்கு மாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போன வெண்கட்டிப் பெட்டி பணியாளர் அறை அலுமாரியில் நெடுநாள் திறக்கப்படாமலே கிடந்தது.

கொட்டியாரக்கரை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தலைவருடன் பேசினேன். தேசிய பாடசாலைத் தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டம் வரை ஒத்திவைக்கவும், அதற்கு முன்னர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயத்திலுள்ள கணித ஆசிரியர்களின் பாடசாலை வாரியான ஆளணி விபரத்தைக் கோரவும் இணங்கியிருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். பெயர்ப்பலகைக்கு நன்கொடை தருவதாக முன்வந்த வெளிநாட்டுவாழ் பழைய மாணவர் ஒருவர்தான் சற்று மனம் நொந்துவிட்டார்.

அதிபர் ஐயா, ஆசிரியர் கோரிக்கையை மீண்டும் ஒருமுறை எழுதுவதானால் எப்படி எழுதுவது?

ஓய்வுநிலை அதிபர், உப்புவெளி

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, மாகாணக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி இடுங்கள். "கணித ஆசிரியர் இல்லை" என்று மட்டும் எழுதினால் அது பழைய கோப்பில் போய்ச் சேரும். தரம் 10இலும் 11இலும் வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள் வெறுமையாகச் செல்கின்றன, அவற்றில் யார் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார், இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருப்போர் எத்தனை பேர் என்பதை நேர அட்டவணையின் பிரதியுடன் இணைத்து, அதிபரின் கையொப்பத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை உங்கள் பிரதியில் பதித்து வாங்காமல் அங்கிருந்து எழுந்துவிடாதீர்கள்.