விருதுநகர் தொகுதி: கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

திருநகரிலிருந்து:

எங்கள் முகவரி மதுரை-6. சொத்துவரி மதுரை மாநகராட்சிக்கு, மனு கொடுப்பது மதுரை கலெக்டரிடம். எம்.பி. மட்டும் விருதுநகர். 2008 மறுவரையறையில் மதுரை மாவட்டத்துத் திருப்பரங்குன்றம், திருமங்கலத்தோடு சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டையையும் சேர்த்து ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் விருதுநகர் மக்களவைத் தொகுதியை உண்டாக்கினார்கள். பழைய சிவகாசித் தொகுதி அதோடு போயிற்று.

2009 தேர்தலில்தான் எங்கள் தெருவுக்கு இது உறைத்தது. ஊர்ப் பேச்செல்லாம் மதுரையில் நின்ற அழகிரியைப் பற்றி. வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்த பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "என்ன தம்பி, சூரியனையும் காணோம், ரெட்டை இலையையும் காணோம்?" என்றார். இருந்தது மாணிக்கம் தாகூரின் கையும் வைகோவின் பம்பரமும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

பிறகு மச்சானுக்கு இதய அறுவை சிகிச்சை. பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதம் வேண்டும் என்றார்கள். எங்கள் அக்கா கோப்பைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குள் அலைந்த பிறகுதான், ஒருவர் வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்து, "உங்களுக்கு விருதுநகர் எம்.பி.ம்மா" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்க வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம் பக்கம் இருப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய 'மதுரை' எய்ம்ஸ் இருக்கும் தோப்பூரும் விருதுநகர் தொகுதிதான். 2024-இல் இங்கே வெற்றி வித்தியாசம் 4,379 வாக்குகள். மதுரை ஓரத்து வாக்குதானே என்று எங்களை இனி எந்தக் கட்சியும் தள்ளிவைக்க முடியாது.

ராஜபாளையத்திலிருந்து:

நாங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே இருந்துகொண்டு தென்காசி எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறோம், ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்படித்தான். எனக்கு இதில் குறையில்லை. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று ஒரே பாதை, ஒரே கோரிக்கை. கூடுதல் ரயில் கேட்டுக் கையெழுத்து வாங்கியபோது சங்கரன்கோவில்காரர்கள் எங்களோடு ஒன்றாக நின்றார்கள். மாவட்டம் வேறு என்பது யாருக்கும் நினைவுக்கே வரவில்லை.

திருச்சுழியிலிருந்து:

ராஜபாளையத்து அண்ணாச்சிக்கு ரயில் கூட்டுச் சேர்த்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. விருதுநகர் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு விருதுநகருக்கு, இரண்டு தென்காசிக்கு. மிச்சமிருந்த எங்களை ராமநாதபுரத்தோடு சேர்த்தார்கள். தேர்தல் பிரசார வேனில் கச்சத்தீவும் மீனவர் கைதும் பேசினார்கள். பேச வேண்டிய விஷயம்தான், அந்தக் குடும்பங்களின் வேதனை பெரிது. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற நாங்கள் கண்மாய் பார்த்து வெள்ளாமை செய்கிறவர்கள். வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வேனை மறித்துக் கேட்டோம். குறித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள்.

அடுத்த மறுவரையறை எப்போது வந்தாலும் முதலில் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொது அமர்வு நடத்துவார்கள். இறுதி ஆணை வந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போய் மாற்றுவது லேசில்லை. அதனால் ஊராட்சி வாரியாக இப்போதே எழுதி வைக்கிறோம்: எந்தக் கண்மாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, சந்தைக்கு எந்த ஊர் போகிறோம், ஆஸ்பத்திரிக்கு எங்கே என்று. புதுக்கோட்டைத் தொகுதி இல்லாமல் போன பிறகு அறந்தாங்கியும் எங்களோடு ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறோம்.