மறு: ஹாம் ரேடியோவுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். உரிமம் பெற்ற தனியாட்கள் சொந்தச் செட்டில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் அமெச்சூர் ரேடியோதான் ஹாம் ரேடியோ, அதைச் செய்பவர் ஹாம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'பொழுதுபோக்கு வானொலி' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறு ஏதோ புரியும். பாட்டும் அரட்டையும் போடும் பண்பலை நிலையம் என்றே நினைப்பார்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசிப் பார்க்கத்தான் போனார்கள். பொழுதுபோக்குத்தான், மறுக்கவில்லை. 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்துத் தொலைபேசிகள் செத்ததும், இன்னார் நலம் என்ற செய்திகளை அதே செட்டிலிருந்து கடல் தாண்டி அனுப்பினார்கள். செல்பேசிக்குக் கோபுரம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். இதற்குச் செட்டோடு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் மரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியும் போதும். சிற்றலை (ஷார்ட்வேவ்) வானத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும்.

> அப்படியானால் 'தன்னார்வ வானொலி'?

தன்னார்வலர் என்றால் இன்று தொண்டு செய்பவர். ஹாம்கள் முக்கால்வாசி நாள் தொண்டு செய்வதில்லை. சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பார்கள், அல்லது முன்பின் தெரியாத பிரேசில்காரரிடம் 'என் சிக்னல் எப்படி வருகிறது?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். (அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனி.)

'அமெச்சூர்' என்பதற்கு லத்தீன் வேரில் 'நேசிப்பவர்' என்று பொருள். நம்மிடம் நேரான சொல்லே இருக்கிறது: ஆர்வலர். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' குறளில் வரும் ஆர்வலர் அன்புடையவர்தானே! காசுக்கு அல்ல, ஆசைக்குச் செய்பவர் என்பதும் அதில் வந்துவிடுகிறது. சர்வதேச விதிமுறையும் இந்தச் சேவையை வருமான நோக்கமில்லாதது என்றுதான் வரையறுக்கிறது.

அடுத்து, 'வானொலி'. அது கேட்கிற பெட்டி. இங்கே பேசவும் வேண்டும், புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியில் தட்டவும் வேண்டும். கணினியிலிருந்து எழுத்துகூட அனுப்புகிறார்கள். ஒலியோடு கட்டிப்போடாமல் 'வானலை' என்போம்.

ஆக, என் முன்மொழிவு: ஆர்வலர் வானலை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'ஆர்வலர் வானலை உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும்.' 'வெள்ளத்தின்போது ஆர்வலர் வானலை நிலையம் ஒன்று இயங்கியது.' உறுத்தவில்லை.

ஒரு சிக்கல். ஆளைக் குறிக்கத் திருப்பிப் போட்டு 'வானலை ஆர்வலர்' என்றால், சிற்றலை நிலையங்களைத் தேடிக் கேட்டு, கேட்டதற்குச் சான்றாக நிலையங்கள் அனுப்பும் அட்டைகளைச் சேர்க்கும் நேயர்களோடு குழம்பும். ஆளுக்கு 'ஹாம்' என்பதே இருக்கட்டும். அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் தரும் அடையாளப் பெயரான 'கால் சைன்' அழைப்புக்குறிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. 'ரிப்பீட்டர்' பற்றி யாராவது யோசியுங்கள். 'மறுபரப்பி' எனக்கு ஒட்டவில்லை. ரிப்பீட்டர் ஊருக்கெல்லாம் பரப்புவதில்லை, ஒருவர் பேச்சை வாங்கி அடுத்தவருக்கு எட்டவைக்கிறது. அஞ்சல் ஓட்டத்தில் வரும் 'அஞ்சல்' பொருளுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் கருவிப் பெயராக்க ஓர் இகரம் சேர்த்தால் 'அஞ்சலி' ஆகிவிடுகிறது, சரிப்படாது.